லோக்கல் என்றால் எந்தப் பக்கம்

மூன்று நாளாக நான் கேபிளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிடுங்குவேன், பத்து வரை எண்ணுவேன், மறுபடி செருகுவேன்.

"என்ன பானு, காலைலேர்ந்து என்ன புடுங்குற?" என்று எதிர் மேஜையிலிருந்து முத்துகிருஷ்ணன் கேட்பான்.

"கேபிள்தான்" என்பேன்.

மூன்று நாளும் இதே கேள்வி, இதே பதில். மூன்றாம் நாள் அவனுக்கே சலித்துவிட்டது.

அபர்டீன் பஜாரில் ஒரு செருப்புக்கடைக்கு மேல் எங்கள் அலுவலகம். லாட்ஜ், படகுக்காரர், பள்ளிக்கூடம், சங்கம் என்று நாற்பது இணையதளங்களைப் பார்த்துக்கொள்கிறோம். முதலாளி சிவஞானம் சிவகங்கைப் பக்கத்து ஆள். சிமென்ட் கான்ட்ராக்ட் எடுக்கத் தீவுக்கு வந்தவர், அது சரிவராமல் கம்ப்யூட்டர் பக்கம் ஒதுங்கினார். எங்களிடம் இரண்டு சர்வர். ஒன்று சென்னையில், வாடகைக்கு. அதற்கு 'மெயின்லேண்ட்' என்று பெயர். இன்னொன்று பக்கத்து அறையில் ஏசிக்குக் கீழே இருக்கிறது. அதற்கு 'லோக்கல்' என்று பெயர். வாடிக்கையாளர் கொண்டுவருவது முதலில் லோக்கலில் இறங்கும். லிங்க் நன்றாக இருக்கும் நேரம் பார்த்து மெயின்லேண்டுக்கு ஏற்றுவோம். சரக்கு முதலில் ஜெட்டிக்கு வந்து பிறகு கப்பலேறுவது போலத்தான்.

ஏற்றுவதற்கு ஒரு மென்பொருள் வைத்திருந்தோம். பத்து வருஷப் பழசு. பூட்டு இல்லாமல் கோப்பு அனுப்பும் ரகம். சென்னைக்காரர்கள் ஒன்றாம் தேதியோடு அந்தக் கதவை மூடிவிட்டார்கள். இனிமேல் பூட்டுப் போட்ட வழியில் வந்தால்தான் உள்ளே விடுவார்களாம். அதனால் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முதலாளி அந்தப் பொறுப்பை எங்கள் இருவரிடமும் சேர்த்துக் கொடுத்தார். அதாவது எங்களைச் சண்டைக்கு விட்டார்.

அலசியதில் மூன்று மிஞ்சின. ஐகானின் நிறத்தை வைத்து நீலம், பச்சை, சாம்பல் என்று கூப்பிட்டோம். நீலம் முத்துவின் கட்சி. பார்க்க லட்சணமாக இருக்கும். 'சிங்க்' என்ற ஒரே பொத்தானில் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒன்றாக்கிவிடும். சாம்பல் பார்க்கச் சகிக்காது. பொடி எழுத்து. எதை அழுத்தினாலும் "நிச்சயமா?" என்று கேட்கும். சம்மதித்தால் இன்னொரு முறை கேட்கும்.

"இது என் மாமியார் மாதிரி. சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி" என்றான் முத்து.

நான் கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து அங்கே இறக்கிவிடப்பட்ட குடும்பம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அம்மாவோடு பால் எடுக்கப் போவேன். "முந்நூறு மரம் முடிஞ்சது" என்று கணக்குப்பிள்ளை சத்தம் போடுவார். கோப்பைக்குள் பார்த்தால் பாதியில் மழைத் தண்ணீர் நிற்கும். முடிந்தது என்று ஒருவர் சொல்வதும் அது முடிந்திருப்பதும் வேறு வேறு என்பது ஆறு வயதிலேயே எனக்குத் தெரியும். எந்த மென்பொருளும் லிங்க் இருக்கும்போது வேலை செய்யும். அறுந்தால் என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. தானாக அறும்வரை காத்திருக்க நேரமில்லை. நானே பிடுங்கினேன்.

சோதனைக்குக் கனமான சரக்கு வேண்டும். ஒரு சங்கம் ஏற்றக் கொடுத்திருந்த திக்லிபூர் படங்கள் லோக்கலில் இருந்தன, அவற்றை எடுத்துக்கொண்டேன். மூன்று மென்பொருளிலும் ஒவ்வொரு தடவை, பக்கத்து அறைச் சர்வரிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு மொத்தப் படங்களையும் இறக்கினேன். நடுநடுவே கேபிளைப் பிடுங்கினேன். பச்சை முக்கால்வாசியில் ஒரு பிடுங்கலில் படுத்துவிட்டது. நீலமும் சாம்பலும் 2,318 படங்களையும் இறக்கிவிட்டு முடிந்தது என்றன. நீலத்துக்கு ஒன்றரை மணி நேரம். சாம்பலுக்கு இரண்டரை. எண்ணிக்கை சரியாக இருந்ததால் அதோடு விட்டுவிட்டேன். ஒரு படத்தையாவது திறந்து பார்த்திருக்கலாம். கோப்பைக்குள் எட்டிப் பார்க்கத் தெரிந்தவள் எட்டிப் பார்க்கவில்லை.

"அப்பறம் என்ன, நீலத்தையே எடுத்துருவோம். பார்ட்டிகிட்ட காமிக்கவும் நல்லாருக்கும்" என்றார் முதலாளி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முத்துவிடம், "டிஸ்க் ரொம்பிருச்சுப்பா. பானு எறக்கி வச்ச சோதனைக் குப்பைய எல்லாம் அழிச்சுரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திக்லிபூர் படங்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மே மாதக் காற்றில் வடக்கே திக்லிபூர்ப் பக்கம் பாக்குத் தோப்புகள் படுத்துவிட்டன. அங்கே ஒரு விவசாயிகள் சங்கம், இருநூற்றுப் பத்துக் குடும்பம். நிவாரணத்துக்கு விழுந்த மரங்களை எண் பலகையோடு படம் எடுத்துச் சங்கத்தின் தளத்தில் போட வேண்டும். திங்கட்கிழமை பத்து மணிக்கு மெயின்லேண்டில் ஓர் அதிகாரி அதைத் திறந்து பார்ப்பதாக ஏற்பாடு. படம் இல்லாத தோப்புக்கு நிவாரணம் இல்லை. திக்லிபூர் நெட் கேபிளைச் சாலை வேலைக்காரர்கள் அடிக்கடி வெட்டிவிடுவதால் படங்கள் மெமரி கார்டில், பஸ்ஸில் வந்தன. சங்கத்திடம் இருந்தது ஆறே கார்டு. நாங்கள் லோக்கலில் இறக்கிக்கொண்டு, கார்டைச் சுத்தமாக அழித்து அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்புவோம். படம் எடுத்த தோப்பில் மரத்தை வெட்டி எரித்துக் கன்று நட்டுவிடுவார்கள். திரும்ப எடுக்க அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை.

கடைசி கார்டோடு சங்கச் செயலாளர் குழந்தைவேலு அவரே வந்தார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு மாடியேறினார். ஐம்பத்தெட்டு வயது. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"கச்சால் புள்ளையாமே நீ. நாங்களும் அந்தக் கப்பல்ல வந்த ஆளுங்கதான். எங்கள ரங்கத்ல எறக்கிட்டான், அங்கேர்ந்து மேல போயிட்டோம்" என்றார். சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து என் மேஜையில் வைத்தார். "இதுல தொண்ணூத்தாறு. பாக்கி எல்லாம் ஒங்ககிட்ட இருக்கு. நான் குட்வில் எஸ்டேட்ல தங்கச்சி வீட்டுக்குப் போயி சாப்புட்டுட்டு மூணு மணிக்கு வர்றேன். ஏத்திட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா காலைல பஸ் ஏறிருவேன்."

"சலேகா அண்ணே, ஆயிரும். நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

முதலாளி கப்பல் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தார். பன்னிரண்டு மணிக்கு அங்கிருந்து போன் செய்தார். பின்னால் ஒரே சத்தம்.

"பானும்மா, திக்லிபூர ஆரம்பிச்சிட்டியா?"

"இல்ல சார், எதுல ஏத்தன்னு..."

"நீலத்துலயே போடு. லோக்கல்லேர்ந்து அந்தப் பக்கம் சிங்க் குடுத்துரு. முடிஞ்சு போச்சு."

சோதனைக்குப் போட்ட நீலத்தை என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன், முத்துவின் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அவன் எழுந்து இடம் விட்டான். திறந்தால் திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். இடது பக்கத்துக்கு மேலே லோக்கல். வலது பக்கத்துக்கு மேலே ரிமோட். சோதனையின்போது அந்தத் தலைப்புகளை நான் கவனித்ததில்லை, லோக்கல் என்றால் எனக்குப் பக்கத்து அறைச் சர்வர். எட்டு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் அதைத் திட்டியிருக்கிறேன். ரிமோட் என்றால் தொலைவு. தொலைவில் இருப்பது சென்னை. இரண்டு பக்கமும் 'திக்லிபூர்' என்ற ஃபோல்டர் தெரிந்தது. இடமிருந்து வலம், இரண்டையும் ஒன்றாக்கு. அழுத்தினேன். 2,318 என்று ஓர் எண்ணைக் காட்டிச் சம்மதமா என்று கேட்டது. கடைசி கார்டை இன்னும் இறக்கவில்லை, எண் சரியாக இருந்தது. சம்மதித்தேன்.

நாற்பது வினாடியில் முடிந்துவிட்டது.

"பாத்தியா" என்றான் முத்து. "நாப்பதே செகண்டு. நீ மூணு நாளா கேபிள் புடுங்குன."

நான் எழுந்திருக்கவில்லை. இந்தத் தீவிலிருந்து எதுவும் நாற்பது வினாடியில் மெயின்லேண்டுக்குப் போனதில்லை. ஒரு வாட்ஸாப் வாழ்த்துகூடப் போனதில்லை.

"முத்து, ரிமோட்னு எதோட கனெக்ட் ஆகிருக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். "நம்ம லோக்கல்தான். காலைல அதுலதான் ட்ரயல் பண்ணேன்."

"அப்ப லோக்கல்னு போட்டிருக்கே, இந்தப் பக்கம்?"

"அது இந்தக் கம்ப்யூட்டர். நீ ஒக்காந்திருக்கிறது."

"இதுல திக்லிபூர்னு ஒரு ஃபோல்டர் இருக்கே."

"நான்தான் உருவாக்குனேன். சும்மா. காலி ஃபோல்டர்."

மென்பொருளுக்கு லோக்கல் என்றால் நாம் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர். பக்கத்து அறையானாலும் பக்கத்து தேசமானாலும் அதற்கு ரிமோட்தான். காலி ஃபோல்டரைப் போலவே சர்வரில் இருப்பதையும் ஆக்கு என்று நான் சொல்லியிருக்கிறேன். அது ஆக்கிவிட்டது. அந்த 2,318 ஏற்றப்போகும் படங்களின் எண்ணிக்கை அல்ல, அழிக்கப்போகும் படங்களின் எண்ணிக்கை.

பக்கத்து அறைக்கு ஓடிப்போய் சர்வரிலேயே பார்த்தேன். ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வெளியிலிருந்து அழித்தால் சர்வரில் குப்பைத்தொட்டி என்று ஒன்று கிடையாது. போனது போனதுதான்.

இருநூற்றுப் பத்துக் குடும்பம். மூன்று மணிக்கு அந்த மனுஷன் மாடியேறி வருவார். நான் என்ன சொல்வேன்? பெயர்க் குழப்பம் அண்ணே என்றா?

"பேக்கப்..." என்று ஆரம்பித்தான் முத்து.

"ஞாயித்துக்கெழம எடுக்கிறது. போன ஞாயிறு பேக்கப் டிஸ்க் ரொம்பி எடுக்கலன்னு நீதானே சொன்ன."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. டிஸ்க் ரொம்பியது. சோதனைக் குப்பை.

"முத்து, நேத்து சாயங்காலம் சார் என் கம்ப்யூட்டர்ல சோதனை ஃபோல்டர அழிக்கச் சொன்னாருல்ல. அழிச்சியா?"

அவன் ஏசியைப் பார்த்தான்.

"எட்டு மணிக்கு சார் போன் பண்ணிக் கேட்டாரு. கர் தியா சார், முடிச்சிட்டேன்னு சொன்னேன்."

"சொன்னது இருக்கட்டும். அழிச்சியா?"

"சொன்னேன்" என்றான் மறுபடியும்.

"முத்து."

"அழிக்கல பானு. கீழ சமோசா போட்டுட்டு இருந்தான். போயிட்டு வந்து பண்ணிக்கலாம்னு போனேன். அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன்." அவனுக்கு முகம் செத்துப்போயிருந்தது. "சார்கிட்ட சொல்லிடாத."

அந்த நிமிஷம் அவன் காலில் விழுந்திருப்பேன். ஆறு வருஷமாக நான் திட்டிவந்த சோம்பேறித்தனம் அது.

என் கம்ப்யூட்டரில் மூன்று ஃபோல்டரும் அப்படியே கிடந்தன. பச்சையில் 1,702. அதை விட்டேன். முதலில் நீலத்தைத் திறந்தேன். எண்ணிக்கை 2,318. முதல் படம் நன்றாக வந்தது. ஒரு மரம் சாய்ந்து கிடக்க, பக்கத்தில் எண் பலகை. மூச்சு விட்டேன். ஐந்தாவது படத்தில் மேல் பாதிதான் இருந்தது, கீழே சாம்பல் பட்டை. ஆறு, ஏழு, எட்டு சரி. ஒன்பதில் பலகையே காணோம். எட்டு பத்துக்கு ஒன்று இப்படி. நான் கேபிளைப் பிடுங்கிய ஒவ்வொரு இடத்திலும் கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு முடிந்தது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறது.

"பொய் சொல்லிருக்கு" என்றான் முத்து, ஏதோ உறவுக்காரன் செய்த காரியம் போல.

"ஒன் கட்சி" என்றேன்.

சாம்பலைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தேன். ஐந்தாவது படம் முழுசாக இருந்தது. ஒன்பதாவதும். அந்த மென்பொருள் ஒரு குறிப்பேடும் எழுதி வைத்திருந்தது. எந்தப் படம் எங்கே அறுந்தது, மறுபடி எந்த இடத்திலிருந்து தொடங்கியது, சர்வரில் அதன் அளவு என்ன, வந்து சேர்ந்த அளவு என்ன. இரண்டு அளவும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றாகவே இருந்தன. இருந்தாலும் இந்தத் தடவை எண்ணிக்கையை நம்புவதாக இல்லை. திரைக்கு அறுபது படமாகப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தோம்.

மூன்று மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பாதிகூட முடியவில்லை. குழந்தைவேலு கையில் ஒரு டிபன் கேரியரோடு வந்தார். "தங்கச்சி செல்லம் மீன் கொழம்பு குடுத்துவிட்டுச்சு, ஒங்களுக்கு" என்றார்.

அவர் உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தபின் சொல்லியிருந்தால் பொய் சேர்ந்திருக்கும். "அண்ணே, படத்த எல்லாம் நான் அழிச்சிட்டேன். தப்பு என்னோடது. வேற ஒரு காப்பி கெடைச்சிருக்கு. முழுசா இருக்கான்னு பாத்துக்கிட்டு இருக்கோம்."

அவர் கேரியரை மேஜையில் வைத்தார். கையை வேட்டியில் துடைத்தார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"தங்கம்மா தோப்பு இருக்கா பாரு" என்றார் கடைசியில். "நூத்திமுப்பத்தேழாம் நம்பர். அது ஒத்தப் பொம்பள. அதுகிட்ட போயி இல்லன்னு என்னால சொல்ல முடியாது."

137 என்று தேடினேன். பதினொரு படம் வந்தது. பதினொன்றும் முழுசு. கடைசிப் படத்தின் ஓரத்தில் ஒரு பெண் பலகையைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நின்றாள்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டார். பிறகு மூன்று பேருமாகப் பார்த்தோம். படம் வர வர அவர் பெயர் சொன்னார். "இது பிஸ்வாஸ் பாபு தோப்பு. இது எங்க பங்காளி. இது நம்மளது, அடுத்து, ஆங், இதுவும் நம்மளது." வேரோடு பெயர்ந்து கிடந்த மரம் ஒவ்வொன்றுக்கும் எங்கள் முகம் மலர்ந்தது. விழுந்த மரங்களைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்ட கூட்டம் திக்லிபூர் தாலுகாவிலேயே இருந்திருக்காது. நாலரை மணிக்கு 2,318-ம் முடிந்தது. ஒன்றிலும் பழுதில்லை. கையில் இருந்த கார்டின் தொண்ணூற்றாறையும் சேர்த்தேன். அதற்கப்புறம்தான் மீன் குழம்பு வாசனையே எனக்குத் தெரிந்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம்.

"ஆமா, எப்படி அழிஞ்சுது?" என்றார் அவர், விரலை நக்கிக்கொண்டே.

லோக்கல் கதையைச் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவருக்குப் புரையேறிவிட்டது.

"இந்த ஊர்ல லோக்கல் யாருன்னு கேட்டாலே அடிதடியாகும் புள்ள. ஜப்பான்காரன் வந்த நாப்பத்திரண்டுக்கு முன்னாடி வந்தவன்தான் லோக்கல். நாமெல்லாம் அப்பறம் குடியேத்துன செட்லர். அம்பது வருஷமா இங்க கெடக்கேன், என்னைய ஒரு பய லோக்கல்னு சொன்னதில்ல. நீங்க போயி ஒரு பொட்டிக்கு அந்தப் பேர வச்சிருக்கீங்க."

ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். அவரிடமும் நானே சொன்னேன். சமோசாவை மட்டும் விட்டுவிட்டேன். "டிஸ்க்ல எடமில்லன்னு அழிக்கச் சொன்னேனே" என்று முத்துவைப் பார்த்தார். முத்து என்னைப் பார்த்தான்.

"அதுல எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்னு வச்சிருந்தான் சார்" என்றேன்.

முதலாளிக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் மேலே கேட்கவில்லை. நீலம் இறக்கிய பாதிப் படத்தை ஒரு தடவை பார்த்தார். சாம்பல் இறக்கிய முழுப் படத்தை ஒரு தடவை பார்த்தார். "சலோ, அந்த அசிங்கத்தையே வச்சுக்குவோம்" என்றார்.

தேர்வு அதோடு முடிந்தது.

சாம்பலில் மெயின்லேண்டைத் திறந்தேன். இடது பக்கம் என் கம்ப்யூட்டர், வலது பக்கம் சென்னை. விரலை வைத்து இரண்டு தடவை படித்தேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றேன். மறுபடி கேட்டது. ஜென்மத்தில் முதல் முறையாக அந்தக் கேள்வி எனக்கு இனித்தது. அதை ஏற்ற விட்டுவிட்டு, பக்கத்து அறைச் சர்வரின் பெயரை எல்லாக் கம்ப்யூட்டரிலும் மாற்றினேன். இப்போது அதற்கு 'அபர்டீன்' என்று பெயர். மென்பொருளில் இருக்கும் லோக்கல் என்ற சொல்லை மாற்ற வழியில்லை. அதனால் முத்து ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி என் திரையின் இடது மூலையில் ஒட்டினான்: 'லோக்கல் = பானு'.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தேன். பதினேழு இடத்தில் லிங்க் அறுந்திருந்தது. பதினேழு தடவையும் விட்ட இடத்திலிருந்து பிடித்து ஏற்றியிருந்தது. 2,414. சங்கத்தின் தளத்தை என் கைபேசியில் திறந்து முதல் படம், கடைசிப் படம், 137 மூன்றையும் பார்த்தேன். தங்கம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

பத்தரை மணிக்குக் குழந்தைவேலுவின் அழைப்பு. பஸ் ரங்கத்தில் நின்றிருக்கிறதாம், இப்போதுதான் சிக்னல் கிடைத்ததாம்.

"போயிருச்சா?"

"போயிருச்சுண்ணே. எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"தொறந்து பாத்தியா, எண்ணிப் பாத்தியா?"

"தொறந்து பாத்தேன்."

"அப்ப சரி" என்றார். பக்கத்தில் யாருக்கோ டீ சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு, "புள்ள, நீ இன்னிக்கு எதையும் தொடாத. கம்ப்யூட்டர அமத்திட்டு வீட்டுக்குப் போ."

அமர்த்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.